தடுப்பூசி போடாத சின்னம்மா மலேசியா வரலாமா?

கேள்வி: திருச்சியிலுள்ள என் சின்னம்மா கோவிட் தடுப்பூசியே போட்டுக்கொள்ளாதவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வர 2022 மே மாதம் நினைத்தவர், தனிமைப்படுத்துவார்கள் என்று கேள்விப்பட்டுப் பயணத்தைக் கைவிட்டார். இப்போதும் அந்த விதி உண்டா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. அன்று அவர் கேள்விப்பட்டதும் தவறன்று. 2020 மார்ச் 18 அன்று மூடப்பட்ட நம் எல்லை 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தபோது, தடுப்பூசியை முழுமையாகப் போட்டவர்கள்கூடப் புறப்படுவதற்கு 2 நாள் முன்பும், வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள்ளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. மே 1 முதல் அவர்களுக்கு அது விலக்கப்பட, போடாதவர்களுக்கோ பரிசோதனையும் 5 நாள் தனிமையும் தொடர்ந்தன. அந்த வேறுபாடு ஆகஸ்ட் 1 அன்று முற்றாக நீங்கியது.

சின்னம்மா கவனிக்க வேண்டியது, வந்து சேருமுன் 3 நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய மலேசிய மின்னியல் வருகை அட்டையைத்தான். கடப்பிதழில் தந்தையின் பெயர் விரித்து எழுதப்பட்டிருந்தால், அட்டையிலும் இனிஷியலாகச் சுருக்காமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.