ஊட்டியில் பனி பார்க்க ஜனவரியில் போகலாமா?

போகலாம். ஆனால் வானத்திலிருந்து கொட்டும் பனியை ஊட்டியில் எதிர்பார்க்காதீர்கள், அங்கே தரையில் படிவது உறைபனி. பிள்ளைகள் பனிமனிதன் செய்ய ஆசைப்பட்டால் மணாலி, குல்மார்க் பக்கம்தான் போக வேண்டும்.

போன முறை ஒன்பது மணிக்குப் பூங்காவுக்குப் போய், ஒன்றும் இல்லை என்று திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். நேரம்தான் காரணமாக இருக்கும். வெயில் பட்டதும் உருகிவிடும். ஆறரை மணிக்கே நின்றிருந்தால் புல்வெளி உப்புத் தூவியதுபோல் இருந்திருக்கும்.

இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் தொட்டபெட்டா உச்சியைவிடத் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான புல்வெளிகளில்தான் உறைபனி அதிகம். உயரமாகப் போனால் அதிகம் கிடைக்கும் என்று பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முந்தின இரவு பத்து மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அசையவில்லையா? அலாரம் வையுங்கள். மேகம் மூடியிருந்தால் நிலத்தின் சூடு வெளியேறாது, நிம்மதியாகத் தூங்குங்கள். செல்போன் 3 டிகிரி காட்டினாலும் கவலை வேண்டாம். அது ஆள் உயரக் காற்றின் கணக்கு, புல் நுனி அதைவிடக் குளிர்ந்திருக்கும்.

இரண்டு நாள்தான் என்கிறீர்கள், அதனால் உறுதி சொல்ல முடியாது. மூன்று இரவு தங்கினால் வாய்ப்பு கூடும். அப்புறம், வெளி மாவட்ட வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். சின்னவனுக்குக் காதை மூடும் குல்லாய் மறக்காதீர்கள்.