தொடை வீக்கத்தைக் கீறாதீர்கள், உழிச்சலும் வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம். இப்போது வலது தொடையில் கெட்டியாக வீக்கம், ராத்திரி வலி. வர்ம ஆசான் ‘பிடிப்பு, உழிச்சல் (எண்ணெய் தடவி அமுக்குவது) போதும்’ என்கிறார். கிளினிக்கில் ‘சீழ்க்கட்டி, கீறிவிடலாம்’ என்கிறார்கள். என்ன செய்ய? – வாசகி, தக்கலை

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. இந்தப் புற்று வழக்கமாகப் பரவுவது நெறிகட்டி, நுரையீரல், கல்லீரல், எலும்புக்கு. தசைக்குப் போவது அபூர்வம், அதனால்தான் கோட்டை விடுகிறார்கள். ஸ்கேனிலும் ஓரம் பளிச்சென்று, நடுவில் அழுகி, சீழ்க்கட்டி மாதிரியே தெரியும்.

சுளுக்குக்கு ஆசானிடம் போகலாம். புற்றுநோய் இருந்தவருடைய புதுக் கட்டியில் யாரும் கைவைத்து அமுக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கசியும், மாதங்கள் வீணாகும். கீறினால் புண் ஆறாமல் கிடக்கும்; வடிந்ததைக் கொட்டிவிட்டால் நோய் என்னவென்றும் தெரியாது.

முதலில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பாருங்கள். பிறகு மருந்து செலுத்தி எம்ஆர்ஐ. அடுத்து, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுக்கும் ‘கோர் பயாப்சி’. மெல்லிய ஊசியில் உறிஞ்சும் எஃப்என்ஏசி பல நேரம் போதாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: அப்பாவுக்குச் சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி மருந்து விட்டிருக்கிறார்களா? அது உயிருள்ள கிருமி. அரிதாக, மாதங்கள் கழித்தும் தசையில் காசநோய் போன்ற கட்டியைக் கிளப்பும். அப்படியானால் ஒரு துண்டு ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) பயாப்சிக்கு, இன்னொரு துண்டு ஃபார்மலின் படாமல் சலைனில் காசநோய் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு. இரண்டையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வராது. கையில் எழுதிக்கொண்டு போங்கள். அவசரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பழைய ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். புதுத் துண்டோடு ஒப்பிட அது வேண்டும். ‘நாளைக்கு வா’ என்று அலையவிடுவது நம் ஊர்க் கொடுமை, விடாதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ‘திருவனந்தபுரத்தில் பெட் வாங்கித் தருகிறேன்’ என்று வரும் ஏஜென்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியானாலும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமானாலும் நீங்களே நேரில் போய்ப் பதியலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் புரோக்கர் வேண்டாம்.

பரவல்தான் என்று உறுதியானால், கட்டியை வெட்டி எடுத்தால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம்; உடல் முழுக்கப் போகும் மருந்துதான் முதன்மை. சிறுநீரகம் நன்றாக இருந்தால்தான் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கொடுப்பார்கள். வலிக்குக் கதிர்வீச்சு உண்டு. அதுவரை டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை சிறுநீரகத்தைக் கெடுத்துக் கிரியாட்டினின் ஏறினால் சிஸ்பிளாட்டினுக்கான வாய்ப்பே கைவிட்டுப் போகும்.