'உயர் அபாய' அணை என்றால் உடையப் போகும் அணையா?

கேள்வி: அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் என் மகள் குடியிருக்கும் வீட்டுக்கு மேற்புறம், 1950களில் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்ட சிறிய மண் அணை ஒன்று உள்ளது. அதை 'உயர் அபாய' வகையில் சேர்த்திருக்கிறார்களாம். அது உடையும் நிலையில் இருக்கிறதா?
– வாசகி, திருச்சி

பதில்: அப்படிப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அந்த வகைப்பாடு அணையின் உறுதியைக் குறிப்பதன்று. உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்பதை மட்டுமே சொல்கிறது. 1948 முதல் அம்மாநிலத்தில் கட்டப்பட்ட 2,100க்கும் மேற்பட்ட இத்தகைய அணைகளில் பல, விளைநிலங்களைக் காப்பதற்காக, 50 ஆண்டு ஆயுளைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. பின்னாளில் கீழே வீடுகள் வந்துவிட்ட இடங்களில், அணை அப்படியே இருக்க வகை மட்டும் மாறியது.

நிலையை அறியக் கரையைத்தான் பார்க்க வேண்டும். மண் அணையில் சிறு கசிவு இயல்பே. தெளிந்த நீராக, ஒரே அளவில் வரும்வரை கண்காணித்து வந்தால் போதும். ஆனால், கீழ்ச்சரிவின் அடியிலோ வெளியேற்றுக் குழாயை ஒட்டியோ கலங்கிய நீர் வந்தால், உள்ளிருக்கும் மண் அரித்து வெளியேறுகிறது என்று பொருள். 1976இல் இடாஹோ மாநிலத்தின் டீட்டன் அணை (அது மிகப் பெரியது என்றாலும் மண் அணைதான்) முதன்முறை நிரம்பும்போதே இத்தகைய உள்ளரிப்பால் சில மணி நேரத்தில் உடைந்தது. கரையில் முளைக்கும் மரங்களை நிழலுக்கென்று விட்டுவைப்பதும் தவறு. பட்டுப்போன வேர் நீருக்கு வழியாகிவிடும்.

அணையைப் பராமரிக்கும் உள்ளூர் மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்ட அலுவலகத்தில், கடைசி ஆய்வறிக்கையையும் அவசரகாலச் செயல்திட்டத்தையும் மகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.