மூணாறு, பாலக்காடு பக்கத்துப் பெண்களை ஆயில் பெயின்டில் வரைந்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரி வருகிறதே, ஏன்?

கொழுந்து பறிக்கும் தோட்டத்து அக்கா, கசவு (தங்க ஜரிகைக் கரை வைத்த வெண்ணிறத் துணி) உடுத்த மலையாளப் பாட்டி, மலைக்குடிப் பெண் என்று வரிசையாக வரைகிறீர்கள். எல்லா முகமும் வெளுத்துச் சாம்பலடிக்கிறது என்கிறீர்கள். காரணம் டைட்டானியம் வெள்ளை. அது நிறத்தை வெளுக்க வைப்பதோடு அதிலுள்ள சிவப்பு, மஞ்சள் சூட்டையும் உறிஞ்சிவிடும். நிழலுக்குக் கறுப்பும் சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

நல்ல கருமாநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 3 பங்கு, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) 1, அல்ட்ராமரின் நீலம் அரைப் பங்கு என்று தொடங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறும்; நீலத்தைக் கடைசியில், கத்தி முனையளவாகச் சேருங்கள். வெளிச்சப் பக்கத்துக்கு முதலில் ஓக்கரைக் கூட்டுங்கள், போதாவிட்டால் மட்டும் துளி வெள்ளை. நிழலுக்கு பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரின், கொஞ்சம் அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு). வெட்டவெளியில் நிற்கும் கறுத்த முகத்தில் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் விழும் பளபளப்பு வானத்தின் நிறம், அதாவது மங்கிய நீலம். அந்த இடத்தில் வெள்ளையை வைத்தால் பவுடர் அப்பியதுபோல் இருக்கும். காது மடலும் மூக்கு நுனியும் சற்றுச் சிவக்கும். மேலுதடு பழுப்பு, கீழுதடு பெரும்பாலும் அதைவிட இளஞ்சிவப்பு. கண்ணின் வெள்ளையும் உண்மையில் சாம்பல்தான்.

ரவிவர்மா 1889 வாக்கில் பல பிரதேசப் பெண்கள் 11 பேரை ஒரே ஓவியத்தில் வைத்தார். உடையும் நகையும் ஆளுக்கொரு விதம். முகநிறம் பெரும்பாலும் வெளிர் பக்கமே. பன்மை என்று சேலையை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் தட்டில் தனிக் கலவை போடுங்கள்.

கசவுத் துணிக்கும் இதே கதை. அதில் சுத்த வெள்ளை பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மடிப்பெல்லாம் நீலச்சாம்பல், உடம்பை ஒட்டிய இடத்தில் தோலின் நிறம் ஏறியிருக்கும். கரைக்குத் தங்க பெயின்ட் வேண்டாம், ஒரு பக்கம் மின்னி மறு பக்கம் செத்துப்போகும். ஓக்கரும் அம்பரும் போட்டு, வெளிச்சம் படும் இரண்டு மூன்று இடத்தில் லெமன் யெல்லோ தொடுங்கள்.

போட்டோ பார்த்து வரைவதானால் செல்ஃபி கேமராப் படத்தை நம்பாதீர்கள். பல போன்கள் இடவலம் மாற்றிச் சேமிக்கும். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறிவிடும். ஊர்க்காரர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். கிட்டே நின்று எடுத்தால் மூக்கு பெருக்கும். 2 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அதுவும் அனுமதி வாங்கிய பிறகுதான்.

வலிமையைக் காட்ட முஷ்டியை உயர்த்த வைக்காதீர்கள், போஸ்டர் ஆகிவிடும். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு ரோட்டை மறித்த தோட்டத்துப் பெண்கள் செய்தது, எழாமல் உட்கார்ந்திருந்ததுதான். தலைத் துண்டு, இடுப்பில் சுற்றிய சாக்கு, கொழுந்துச் சாறு கறுத்த விரல்கள் போதும். கையை மறைக்காமல் இடுப்பு வரை வரையுங்கள். 18க்கு 24 அங்குல கேன்வாஸ் அதற்குச் சரியாக இருக்கும்.

மலையில் மழைக்காலத்தில் எண்ணெய் காய நாளாகும். முதல் பூச்சு டர்பன்டைனில் நீர்த்தது, மேலே போகப்போக லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கூடவேண்டும், தலைகீழானால் பூச்சு விரிசல் விடும். ஈரச் சுவரில் சாய்த்து வைத்தால் கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து, வெயிலடிக்கும் நாளில்.