பதில்: ஈசிஜி நார்மல், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 194. மாத்திரை வேண்டுமா?

அப்பா தினமும் மல்லேஸ்வரத்தில் நடக்கிறார், ஈசிஜியும் நார்மல், அப்புறம் மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி ரத்தக்குழாயின் உட்சுவரைக் காட்டாது. அடைப்பு வருவதற்கு வெகு முன்பே கோளாறு அங்கேதான் தொடங்கும். உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. மாடிப்படி ஏறும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் போவது அதன் உதவியால். எல்டிஎல் அதிகமானால் சுவருக்குள் புகுந்து தங்குகிறது, நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, விரிய வேண்டிய நேரத்தில் குழாய் சரியாக விரியாது. வலி ஒன்றும் தெரியாது.

எல்டிஎல் 190-ஐத் தாண்டினால் பொதுவாக ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) தொடங்கச் சொல்வார்கள். நடை மட்டும் போதாது (அதற்காக நிறுத்திவிடாதீர்கள்). தைராய்டு பார்த்தாச்சா? அது குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். இவ்வளவு அதிகம் என்றால் பரம்பரையாகவும் இருக்கலாம், உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.