ஒரு அழுத்தம், நான்கு எண்ணிக்கை

கேள்வி: எலிகளுக்கான ஸ்கின்னர் பெட்டியில் (லீவரை அழுத்தினால் தண்ணீர் தரும் நடத்தை ஆய்வுப் பெட்டி) லீவர் சுவிட்சை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டின் 2-ஆம் பின்னில் இணைத்திருக்கிறோம். எலி ஒருமுறை அழுத்தினால் மூன்று, நான்கு என்று எண்ணுகிறது. 12 வோல்ட் தண்ணீர் வால்வு மூடும்போதோ, யாரும் தொடாமலே ஓர் அழுத்தம் பதிவாகிறது. ஏன்?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவது, சுவிட்சின் தகடுகள் சில மில்லி விநாடி துள்ளுவதால் வருவது. பின்னை 'இன்புட் புல்லப்' முறையில் (சுவிட்ச் அழுத்தப்படாதபோது பின்னை உயர் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் முறை) அமைத்து, சுவிட்சின் மறுமுனையை கிரவுண்டில் கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 20 மில்லி விநாடி கண்ணை மூடிக்கொள்ளும்படி நிரலுக்குச் சொல்லுங்கள். நேரத்தை மட்டும் பின்னின் மின்னழுத்தம் முதன்முதலில் இறங்கும்போதே பதியுங்கள்; தாமதித்துப் பதிந்தால் எதிர்வினை நேரம் முழுதும் தள்ளிப்போகும்.

இரண்டாவது, வால்வுச் சுருளில் மின்னோட்டம் நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தம்; அதைத்தான் போர்டு லீவர் அழுத்தமாக எண்ணுகிறது. வால்வின் இரு முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) வையுங்கள்; கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மாறினால் ஷார்ட்தான். வால்வை மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாகவே இயக்குங்கள், அதன் 'கேட்' முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் மின்தடை போட்டு. அது இல்லையென்றால் போர்டு ரீசெட் ஆகும்போது வால்வு தானே திறந்துவிடலாம்.

டையோடு வால்வு மூடுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும், துளி பெரிதாகும். அதனால் 100 முறை திறந்து, விழுந்த நீரை எடைபோட்டு மறுபடி அளவு குறியுங்கள். எலி இல்லாத பெட்டியில் அந்த 100 முறையும் லீவர் எண்ணிக்கை பூஜ்யமாகவே நிற்க வேண்டும்.