பவுலிங் பந்து: ஆன்லைனில் 90 டாலர் மிச்சமா?

கேள்வி: மிச்சிகனில் டிட்ராய்ட் பக்கம் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளியின் பவுலிங் அணியில் (கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு) சேர்ந்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் சிறுவர் லீக்கிலும் ஆடுகிறாள். சொந்தப் பந்து வேண்டுமாம். பவுலிங் சென்டரில் இருக்கும் புரோ ஷாப்பில், கைக்கு ஏற்றபடி துளை போட்டு, வரியும் சேர்த்து 255 டாலர் கேட்கிறார்கள். அதே பந்து ஆன்லைனில் 165 டாலர், டெலிவரி இலவசம். வெளியில் வாங்கிக்கொண்டு போனால் துளை போட மட்டும் 65 டாலராம். இரண்டு பந்தாக வாங்கினால் ஆன்லைனில் தள்ளுபடி உண்டு, தவணையிலும் கட்டலாம் என்கிறார் கணவர். ஷூ, பை எல்லாமே வாங்க வேண்டும். எங்கே வாங்குவது நல்லது?

பதில்: முதல் பந்தைக் கடையில் வாங்குங்கள். ஷூவையும் பையையும் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்க்கும் 90 டாலர் வித்தியாசம் கடைசிவரை நிற்காது. 165 டாலருக்கு மிச்சிகனின் 6 சதவீத விற்பனை வரி 9.90. வெளி மாநில இணையக் கடைக்காரர் வரி பிடிக்க மாட்டார் என்று நம்பியிருக்க வேண்டாம். 2018-ல் சவுத் டகோட்டாவுக்கும் வேஃபேர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஊரில் கடை இல்லாத விற்பனையாளரிடமும் மாநிலங்கள் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதோடு துளை போட 65 டாலர். மொத்தம் 239.90. ஆக, மிஞ்சுவது 15 டாலர்தான்.

அந்த 15 டாலருக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் உங்கள் மகளின் கையை விரித்து வைத்து, கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து நடுவிரல், மோதிர விரல்களின் மூட்டுக்கோடு வரை அளப்பார். இதை ஸ்பான் என்பார்கள். பிறகு அளவு அளவாகத் துளையிட்ட மாதிரிப் பந்து ஒன்றில் கட்டைவிரலை நுழைத்துப் பார்க்கச் சொல்வார். விரல் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று கவனித்து, துளை எவ்வளவு சாய வேண்டும் என்று முடிவு செய்வார். ஸ்பான் நீண்டுவிட்டாலோ, கட்டைவிரல் துளை தளர்ந்திருந்தாலோ, பந்து நழுவிவிடும் என்ற பயத்தில் பிள்ளை அதை இறுக்கிப் பிடிப்பாள். சில வாரத்தில் கட்டைவிரலில் தோல் தடித்துப்போகும், மணிக்கட்டு வலிக்கும். ஆட்டத்தின் நடுவே விரல் வீங்குவதும் சுருங்குவதும் சாதாரணம். ஒரு துண்டு டேப் ஒட்டுவது, துளை விளிம்பைக் கொஞ்சம் தேய்த்துவிடுவது எல்லாம் முதல் இரண்டு மாதம் அடிக்கடி தேவைப்படும். தன்னிடம் வாங்கிய பந்துக்கு இதையெல்லாம் பெரும்பாலான கடைக்காரர்கள் காசு வாங்காமலே செய்து தருவார்கள். உங்கள் கடையிலும் அப்படித்தானா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

எடை விஷயமும் இருக்கிறது. விதிப்படி பந்து 16 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. அதற்குக் கீழே எதுவும் எடுக்கலாம். உங்கள் மகளுக்கு 12 சரியா, 13 சரியா என்பதைத் தூக்கி வீசிப் பார்த்தால்தான் தெரியும். தவறான எடையை ஆன்லைனில் வரவழைத்துவிட்டால், திருப்பி அனுப்பும் செலவே கையைக் கடிக்கும். துளை போட்டபின் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் 255 டாலர் பந்தே வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அந்த விலையைப் பார்த்தால் அது நடுத்தர ரியாக்டிவ் ரெசின் பந்தாக இருக்கும். பந்து உருளும் பாதையான லேனின் எண்ணெய்ப் பூச்சைக் கடந்ததும் உராய்வைப் பிடித்து நன்றாக வளையும் ரகம். வளரும் வயதுப் பிள்ளைக்கு அடுத்த வருடம் கையும் பெரிதாகும், தூக்கும் எடையும் கூடும். அப்போது பழைய துளைகளை அடைத்து மறுபடி போட வேண்டும், அல்லது பந்தையே மாற்ற வேண்டும். அதனால் தொடக்க நிலை ரியாக்டிவ் பந்து, முடிந்தால் தயாரிப்பு நின்றுபோன போன வருட மாடல், கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் கை வளர்ந்துவிட்டால் மறுதுளைக்கு என்ன தள்ளுபடி என்றும் கேளுங்கள். 30 டாலர் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட இதில் உங்களுக்கு லாபம் அதிகம்.

கடையில் இலவசமாக அளவெடுத்துக்கொண்டு, அந்தச் சீட்டை வைத்து ஆன்லைனில் வாங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடைக்காரர் விற்பதே அந்த அளவைத்தான். அளவு மட்டும் போதுமென்றால் அதற்கான கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள். கை வளர்வது நின்று, அளவு நிலைத்த பிறகு, இரண்டாவது பந்தைத் தாராளமாக ஆன்லைனில் வாங்கி இவரிடம் துளை போட்டுக்கொள்ளலாம்.

கணவர் சொல்லும் இரண்டு பந்துத் திட்டம் இப்போது வேண்டாம். பின்னால் ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் உருட்டில் விழாமல் நிற்கும் கட்டைகளை இரண்டாவது உருட்டில் சாய்க்க, நேராக ஓடும் பாலியஸ்டர் பந்து ஒன்று தேவைப்படும்தான். ஆனால் அது விலை குறைந்த ரகம். தவணையும் வேண்டாம். விளையாட்டுச் சாமானுக்கு மாதக் கட்டு போடும் பழக்கம் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு சுலபத்தில் வெளியேறாது. இரண்டு மாதம் சேர்த்து மொத்தமாகக் கொடுங்கள்.

உண்மையில் உடனே மிச்சம் தருவது ஷூ. வாடகை ஷூ ஒரு நாளைக்கு 5 டாலர் என்று வைத்தால், 30 வார லீக்குக்கு 150 டாலர். தொடக்க நிலை ஷூ 50, 60 டாலருக்குக் கிடைக்கும். 12 வாரத்தில் போட்ட காசு திரும்பிவிடும். கடையில் அளவு பார்க்கத் தேவையில்லை. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று மட்டும் படித்துவிட்டு ஆன்லைனில் வாங்குங்கள். பாதமும் வளரும் என்பதால், அடிப்பாகத்தை மாற்றிக்கொள்ளும் விலை உயர்ந்த ரகம் இப்போது வேண்டாம். பை, துடைக்கும் துணி, டேப் எல்லாம் எங்கே மலிவோ அங்கே.

பழைய பந்து மலிவாகக் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். விரல் நுழைக்காத கூடுதல் துளை, அதாவது பேலன்ஸ் ஹோல், 2020 ஆகஸ்ட் 1 முதல், இந்த விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பான அமெரிக்கப் பவுலிங் காங்கிரஸின் விதிப்படி செல்லாது. அப்படிப்பட்ட பந்தில் அந்தத் துளையையும் அடைத்து, மற்றவர் கைக்குப் போட்ட துளைகளையும் அடைத்து, புதிதாகத் துளை போட்டு முடிப்பதற்குள் புதுப் பந்தின் விலையை நெருங்கிவிடுவீர்கள்.

சிறுவர் போட்டிகளில் வெல்லும் உதவித்தொகையை, அதே காங்கிரஸின் ஸ்மார்ட் திட்டம் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்து வைக்கிறது. நல்ல ஏற்பாடு. வந்தால் சந்தோஷம், ஆனால் அதை நம்பிச் சாமான் வாங்காதீர்கள். மகளின் படிப்புக்கு மாதம் ஒதுக்கும் தொகையில் இதற்காகக் கை வைக்கவும் வேண்டாம்.

அப்புறம், வாங்கிய பந்தைக் கார் டிக்கியில் விட்டுவைக்க வேண்டாம். மிச்சிகன் குளிரிலும் கோடை வெயிலிலும் பந்து விரிசல் விடும். தட்பவெப்பத்தால் வந்த விரிசலுக்கு உத்தரவாதம் கிடைப்பது கடினம். ரசீதை ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.